கோட்டைக் கல்விச்சாலையின் பார்வை நாள்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு இருந்த காலத்தில், ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்ட ஒரு வருஷம், கோட்டைக்குள் ஒரு கல்விச்சாலையைத் திறந்தார்கள். மழை பொய்த்து, ஏரி வற்றி, ஜனங்கள் ஒரு வேளைக் கூழுக்கு அலையும்போது அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது கல்விதான் என்று ஏதோ ஒரு துரைக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பசியாவரம் தீவுக்குத் தண்டோரா போட வந்தவன் குப்பன். கரையில் இறங்கியதும் தப்பட்டையை நாலு தட்டுத் தட்டிவிட்டு, மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் சொன்னான்.

"வர்ற வெள்ளிக்கெயம பார்வை நாளு! பெத்தவங்க புள்ளைங்களக் கூட்டிக்கினு வந்து கல்விச்சாலையச் சுத்திப் பாக்கலாம்! பார்வை நாளோட முழுப் பயனையும் அடையறதுக்கு ஏழு விதி கீது! ஒண்ணு, குளிச்சிட்டு வரணும். ரெண்டு, மீன் வாடை வரக் கூடாது. மூணு, சுத்திக் காட்டறவரு முன்னால நடப்பாரு, பாக்கறவங்க பின்னால நடக்கணும். நாலு, காட்டனதப் பாக்கணும், காட்டாததப் பாக்கக் கூடாது. அஞ்சு, கேள்வி கேக்கலாம். கேள்விய கோட்டையே குடுக்கும்!"

"ஏழுன்னியே? அஞ்சுதானே சொன்னே?" என்றாள் வேலம்மா. வலை பின்னிக்கொண்டிருந்த அவளுக்கு எண்ணிக்கை தப்பாது.

"மீதி ரெண்டும் தோணில வரசொல்லோ மறந்துபூட்டேன் யக்கா. அங்க போனா சொல்லுவாங்க."

"அதான் முக்கியமானதா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலம்மா மறுபடி வலையில் குனிந்தாள்.

செங்கல்வராயன் வீட்டில் அன்று கூழும் இல்லை. அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கஸ்தூரிக்குப் பன்னிரண்டு வயது. இளையவள் லோகாம்பாளுக்கு ஆறு. கஸ்தூரிக்கு எழுத்தின் மேல் ஓர் ஆசை உண்டு. போன வருஷம் எதிர்க்கரைக்காரர்கள் ஓர் ஓலையைக் கொண்டுவந்து நீட்டி, ஏரியில் வடக்கு ஓரம் முழுக்கத் தங்களுடையது என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். பசியாவரத்தில் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் ஓலையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து, கடைசியில் தலையாட்டிவிட்டார்கள். பெண்களுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி, அன்றிலிருந்து ஈர மணலைக் கண்டால் விரலால் ஏதாவது கிறுக்குவாள்.

"நைனா, போலாமா?" என்றாள்.

"எதுக்குடி? மீனுக்குக் கடுதாசி எழுதப் போறியா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து வேலம்மா கேட்டாள்.

"எழுதினா நீங்க கொண்டுபோய்க் குடுங்க அத்தே."

செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் மனைவி தெய்வநாயகிக்கு வரவில்லை. "பாத்துட்டு வந்துடுவீங்க இல்ல?" என்றாள்.

"பார்வை நாளுன்னுதானே பேரு? பாத்துட்டு வந்துடுவோம்."

அவனுக்கு இதில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. பசியாவரத்தில் ஏரி எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை. குடும்பங்கள் எல்லாம் கூடிச் சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்ளும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவன் போய்ப் பிடிப்பான். முறை முடிந்ததும் இடத்தை அடுத்தவனுக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வருவான். உடம்புக்கு முடியவில்லை என்றால் அவன் வீட்டிலிருந்து வேறோர் ஆள் போகலாம். சீட்டுப் போடுவதற்கு முன்னால் இடத்தைப் போய்ப் பார்ப்பதும் உண்டு. கழியை ஊன்றி ஆழம் பார்ப்பார்கள். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். சேற்றை எடுத்து முகர்வார்கள். தையில் சீட்டு மாறும். ஏரியில் நடப்பதுதான் உலகத்தில் எல்லா இடத்திலும் நடக்கும் என்று அவன் நம்பியிருந்தான். கல்விச்சாலையும் ஒரு பாடு. பார்வை நாள் என்பது பாடு பார்க்கும் நாள்.

வெள்ளிக்கிழமை கோட்டை வாசலில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் நின்றன. செங்கல்வராயன் கஸ்தூரியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். முகர்ந்து பார்ப்பதற்கென்றே ஒரு சிப்பாயை நிறுத்தியிருந்தார்கள். உள்நாட்டு நெல் விவசாயிகளை அவன் ஒரே மூச்சில் உள்ளே விட்டான். செங்கல்வராயனை மூன்று முறை கிணற்றடிக்குத் திருப்பி அனுப்பினான். நாலாவது முறை முகர்ந்தபோது சிப்பாய்க்கு மூக்கு அடைத்துப் போயிருந்தது. "இப்போ சரியாயிருக்கு" என்று விட்டுவிட்டான்.

கிணற்றடியில் நின்ற மூன்று முறையும் செங்கல்வராயன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தான். நல்ல தண்ணீர். இடம் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டான்.

கொடிமரத்தின் கீழ் கல்விச்சாலைத் துரை நின்றிருந்தார். பக்கத்தில் துபாஷி சுப்பராயலு. துரை காகிதத்தைப் பிரித்து நெடுநேரம் படித்தார். படித்து முடித்ததும் துபாஷி, "எல்லோரும் வாருங்கள் என்கிறார்" என்றார். அப்புறம் துரை இருமினார். அதற்குத் துபாஷி சொன்ன மொழிபெயர்ப்பு கால் நாழிகை நீண்டது.

"பெற்றோர்களே! கல்விச்சாலைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் இங்கே படித்த பிள்ளைகளில் ஒரு பிள்ளையாவது வேலை இல்லாமல் தெருவில் திரிந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. நூற்றுக்கு நூறு பேருக்கும் கடல் தாண்டி வேலை! பத்தாவியா, இலங்கை, இன்னும் பெயர் வைக்காத தீவுகள்! போன பிள்ளைகளில் ஒருவராவது வேலை பிடிக்கவில்லை என்று திரும்பி வந்ததுண்டா? இல்லை. சம்பளம் போதவில்லை என்று ஒரு முறையீடு? இல்லை. ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு விடுப்பு விண்ணப்பம்? ஒன்றுகூட இல்லை! அவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற விவசாயி உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய வயல் இரண்டு வருஷமாக வெடித்துக் கிடந்தது. கூடவே மகள் அங்கமுத்துவைக் கூட்டி வந்திருந்தார்.

"எங்க ஊர்ல வேலைக்குப் போனவன் எல்லாம் பத்து நாள்ல திரும்பி ஓடியாந்துடுவான்" என்றார் செங்கல்வராயனிடம். "இங்க ஒருத்தன்கூட வரலியாம். அப்போ எவ்வளவு சொகமா இருக்கும்!"

பிறகு கேள்விகள் வழங்கப்பட்டன. ஆளுக்கு ஓர் ஓலை நறுக்கு. யாருக்கும் படிக்கத் தெரியாததால் துபாஷியே ஒவ்வொன்றையும் காதில் சொல்ல, அவர்கள் அதைச் சத்தமாகத் துபாஷியிடம் கேட்டார்கள். உலகநாதனுக்கு வந்த கேள்வி, "இவ்வளவு நல்ல கல்விச்சாலையை நடத்தத் துரைக்கு எப்படி மனம் வந்தது?" என்பது. துரை அடக்கமாகத் தலை குனிந்துகொண்டார். செங்கல்வராயனுக்கு, "கொடிமரம் எத்தனை அடி உயரம்?" வந்தது. கேட்டான். அறுபது அடி என்றார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னொண்ணு சாமி" என்றான் செங்கல்வராயன். "புள்ளைங்க எங்க? ஒண்ணையும் காணமே?"

துபாஷி அவன் பக்கம் திரும்பினார். "இன்று என்ன நாள்?"

"பார்வை நாளு."

"பார்க்கிற நாளில் பிள்ளைகள் குறுக்கே நின்றால் எப்படிப் பார்ப்பாய்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

புத்தகசாலையைக் காட்டினார்கள். அங்கே ஒரு புத்தகம் இருந்தது. பூட்டிய பெட்டிக்குள் இருந்ததால், பெட்டியைக் காட்டினார்கள். படித்தால் தேய்ந்துவிடும் என்று திறப்பதில்லையாம். பாடம் நடக்கும் மண்டபத்தைக் காட்டினார்கள். எழுதிப் பழகுவதற்காகத் தரை முழுக்க வெள்ளை மணல் பரப்பியிருந்தது. அதில் ஒரு கோடு கிடையாது, ஒரு கால் தடம் கிடையாது. கஸ்தூரி குனிந்து விரலை வைக்கப் போனாள்.

"தொடாதே!" என்று கத்தினார் துபாஷி. "அடுத்த பார்வை நாளுக்கும் இதே மணல்தான்."

படுக்கைக் கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம் கப்பல் நிற்கும் பக்கமாகவே இருந்தன. ஏரிப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லையே என்று கேட்டான் செங்கல்வராயன். ஏரியைப் பார்த்தால் வீட்டு ஞாபகம் வந்து படிப்புக் கெட்டுவிடும் என்று விளக்கம் வந்தது. கதவைத் தடவிப் பார்த்தான். நல்ல தேக்கு.

"தாப்பா வெளிப்பக்கம் கீதே சாமி?"

"பிள்ளைகள் களைத்துப் போய்த் தூங்குவார்கள். எழுந்து வந்து தாழ்ப்பாள் போடும் சிரமம் எதற்கு? அதையும் நாமே செய்கிறோம்."

அதன் பிறகு நுழைவுத் தேர்வு நடந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். பல்லை எண்ணினார்கள். தோளை அழுத்திப் பார்த்தார்கள். மிளகு நிறுக்கும் தராசில் ஏற்றி இறக்கினார்கள்.

"பொண்ணுங்களும் படிக்கலாமா சாமி?" என்றார் உலகநாதன்.

துபாஷி அதைத் துரையிடம் சொல்ல, துரை முதல் முறையாகச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். துபாஷி பெருமையோடு மொழிபெயர்த்தார்: "ஆண் பெண் பேதம் பார்ப்பதெல்லாம் உங்கள் ஊரில். இங்கே எடை ஒன்றாக இருந்தால் இருவரும் ஒன்றுதான்."

கஸ்தூரி தேறினாள். பதினெட்டு வீசை எடை என்று சிப்பாய் கூவினான். இளைத்திருந்தாலும் பல் முழுசாக இருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளை தேறிவிட்டாள் என்பதில் செங்கல்வராயனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கடைசியாக ஒரு மாணவியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பதினாலு வயசிருக்கும். கஞ்சி போட்ட பாவாடை அசையாமல் நின்றது. அவள் பெயர் பூபதி. துரை விரலைச் சுண்டியதும் அவர் பாஷையில் ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். இன்னொரு தடவை சுண்டியதும் இன்னொரு தடவை சொன்னாள். கூட்டம் வாயைப் பிளந்தது.

மற்றவர்கள் பீரங்கியைப் பார்க்க நகர்ந்தபோது கஸ்தூரி அவளிடம் போனாள். "அக்கா, இன்னா சொன்னே?"

"இங்க சாப்பாடு நல்லாகீதுன்னு."

"அப்பால?"

"அவ்வளவுதான். அது ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாங்க."

பூபதி கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமாக அவள் கண் போய்ப் போய் வந்தது. "சுண்ணாம்புக்குளத்துலேர்ந்து யாரன்னா வந்துகீறாங்களா?" என்றாள். "எங்கம்மா மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாங்க. பாத்தியா?"

கஸ்தூரி திரும்பிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். "சரி" என்றாள் பூபதி. சிப்பாய் வந்து அவளை உள்ளே கூட்டிப் போனான்.

அப்போதுதான் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகளுக்கு மட்டும் இலை போட்டார்கள். சுடுசோறு. ஆவி பறந்தது. கஸ்தூரி சோற்றைப் பார்த்து நாற்பது நாள் ஆகியிருந்தது. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவளுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடிக்காமலேயே அடுத்த கவளத்தையும் அடைத்துக்கொண்டாள். செங்கல்வராயன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வயிறு போட்ட சத்தம் அவனுக்கே கேட்டது.

இலையை எடுத்த பிறகு துபாஷி, "எல்லோருக்கும் வாழ்த்துகள். ஆறாவது விதிப்படி சேர்க்கை முடிந்தது" என்றார்.

"ஆறாவதா?"

"கோட்டைச் சோற்றைத் தின்ற பிள்ளை கோட்டைப் பிள்ளை. தண்டோராவில் சொல்லவில்லையா?"

செங்கல்வராயன் முன்னால் வந்தான். "நாங்க பாக்கத்தான் வந்தோம் சாமி."

"பார்த்தாயா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டான். "எங்க ஊர்ப் பாடு மாதிரியா சாமி? முறை முடிஞ்சதும் புள்ள வூட்டுக்கு வந்துடுமா?"

துபாஷிக்குப் பாடு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். இருபது வருஷமாக அந்த ஊர்களோடு புழங்குகிறவர். ஒரு நொடி யோசித்தார். "அப்படித்தான் வெச்சுக்கயேன்" என்றார், சட்டென்று ஊர்ப் பேச்சுக்கு இறங்கி.

"தையில சீட்டு மாறும்?"

"மாறும், மாறும். விரலை வை."

கஸ்தூரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இருக்கேன் நைனா. தைக்கு மூணு மாசந்தானே? எழுத்தும் கத்துக்கினு வந்துடுவேன். லோகாவுக்கு இன்னிலேர்ந்து ஒரு வாய் கூடுதலா கெடைக்கும்."

துபாஷி நீட்டிய காகிதத்தில் செங்கல்வராயன் விரலை வைத்தான். உலகநாதனும் வைத்தார். வாசலில் பார்வை நாள் பற்றிய கருத்துக் கேட்டார்கள். பிடித்திருந்தால் பானையில் வெள்ளைச் சிப்பி, பிடிக்காவிட்டால் கறுப்புச் சிப்பி. எல்லோர் கையிலும் ஒரு வெள்ளைச் சிப்பியைக் கொடுத்தார்கள். கறுப்பு இந்த வருஷம் கிடைக்கவில்லையாம். சாயங்காலம் துரை பானையைக் கவிழ்த்து எண்ணிவிட்டு, நூற்றுக்கு நூறு என்று எழுதிக்கொண்டார்.

செங்கல்வராயன் தனியாக வந்து இறங்கினான். தெய்வநாயகி தோணியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி போனது. கார்த்திகை போனது. மார்கழி போனது. தை பிறந்ததும் பசியாவரத்தில் வழக்கம்போலக் கூடி, மீன் இல்லாத ஏரிக்குச் சீட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் செங்கல்வராயன் கோட்டை வாசலுக்குப் போய், பாடு முடிந்துவிட்டது, பெண்ணை அனுப்புங்கள் என்றான். சிப்பாய்க்குப் புரியவில்லை. துபாஷியைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"பார்வை நாளில்தான் பார்க்கலாம்" என்றார் துபாஷி.

"வர்ற வெள்ளிக்கெயம பார்வை நாளுதானே? அன்னிக்கு வர்றேன்."

"நீ வரக் கூடாது. ஏழாவது விதி. சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்குப் பார்வை நாளில் அனுமதி இல்லை."

"ஏன் சாமி?"

"நீதான் ஏற்கெனவே பார்த்துவிட்டாயே!"

வாசலுக்கு எதிரே புளிய மரத்தடியில் நடுவயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவளும் ஏற்கெனவே பார்த்துவிட்டவள். எட்டு மாசமாக அங்கேயே உட்கார்ந்திருப்பதாகச் சிப்பாய் சொன்னான்.

சேராத பிள்ளையைக் கூட்டி வருகிறவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். செங்கல்வராயன் இரண்டு நாள் யோசித்தான். வியாழக்கிழமை தெய்வநாயகியிடம் சொன்னான்.

"லோகாவையா?" என்றாள் அவள். "அவளையும் வுட்டுட்டு வரப் போறீங்களா?"

"காட்டிட்டு இஸ்துக்கினு வந்துடுவேன். அவள வெச்சு உள்ள பூந்தாத்தான் பெரியவள எடுத்தார முடியும்."

"போன தடவையும் பாத்துட்டு வந்துடறேன்னுதான் சொன்னீங்க."

"அப்போ ஆறாவது விதி எனக்குத் தெரியாது, நாயகி."

அவள் அழவில்லை. லோகாம்பாளின் தலையை வாரி இறுக்கிப் பின்னினாள். பிள்ளை வலிக்கிறது என்று சொல்லும் வரைக்கும் பின்னிக்கொண்டே இருந்தாள்.

போகும் வழியில் தோணியில் செங்கல்வராயன் சின்னவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்: அங்கே சோறு போடுவார்கள், சாப்பிடக் கூடாது. "ஒரு பருக்கைகூடவா நைனா?" "ஒரு பருக்கைகூடக் கூடாது." "அக்கா சாப்பிட்டாளே?" "அதனாலதான் சொல்றேன்." ஆறு வயதுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் சரி என்றாள்.

சிப்பாய் அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மீன் வாடையைத்தான் கண்டுகொண்டான். மீன் பிடித்து மூன்று மாசமாகியிருந்தும் ஒரு தரம் கிணற்றடிக்கு அனுப்பினான். துரை காகிதத்தைப் பிரித்துப் படித்தார். அதே காகிதம். நூற்றுக்கு நூறு. யாரும் திரும்பி வந்ததில்லை. கூட்டம் கை தட்டியது. இந்தத் தடவை அந்த ஒவ்வொரு சொல்லும் செங்கல்வராயன் காதில் தனித்தனியாக விழுந்தது. யாரும் திரும்பி வந்ததில்லை என்பதை ஏன் இவர்கள் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார்கள் என்று அவன் அன்றைக்குத்தான் யோசித்தான். மண்டபத்து மணல் அப்படியே இருந்தது. அதே மணல்.

பல் எண்ணும் வரிசை முடிந்து மாணவியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பூபதி இல்லை. பூபதிக்கு வேலை கிடைத்துவிட்டது.

கஞ்சி போட்ட பாவாடைக்குள் கஸ்தூரி நின்றாள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. முன்னால் நிற்கும் கூட்டத்தில் அவள் கண் ஒவ்வொரு முகமாக வந்து, அப்பாவிடம் வந்ததும் நின்றது. பிறகு கீழே இறங்கி லோகாம்பாளிடம் நின்றது.

செங்கல்வராயன் முன்னால் பாய்ந்து துபாஷியின் கையைப் பிடித்தான். "சாமி, பாடு முடிஞ்சுபோச்சு. தை பொறந்து ஏழு நாளாச்சு. இவ என் பொண்ணு. அனுப்பிடுங்க."

"பாடா?" என்றார் துபாஷி. "அதெல்லாம் உங்கள் ஏரியில். விரல் வைத்திருக்கிறாயே."

"சரி. அப்போ எங்க வழக்கப்படி கேக்கறேன். ஒருத்தரால முடியலன்னா அதே வூட்லேர்ந்து வேற ஆள் போவலாம். இவளுக்குப் பதிலா நான் வர்றேன். என்ன எடுத்துக்குங்க."

துபாஷி அதை மொழிபெயர்த்தார். துரை செங்கல்வராயனின் தோளையும் முட்டியையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உன் ஆர்வத்தைத் துரை பாராட்டுகிறார்" என்றார் துபாஷி. "ஆனால் முப்பது வயசுக்கு மேல் கல்வி ஏறாதாம். கப்பலில் இடத்தை அடைக்கும்."

கப்பல் என்ற சொல் தவறி வந்துவிட்டது. துபாஷியே அதைக் கவனித்து, உடனே, "அதாவது, உயர்கல்வி" என்றார்.

துரை விரலைச் சுண்டினார்.

கஸ்தூரி வாயைத் திறக்கவில்லை. மறுபடி சுண்டினார். சமையல்கட்டிலிருந்து சோற்று மணம் வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். லோகாம்பாளின் கழுத்தை அணைத்திருந்த செங்கல்வராயனின் கையில் அவள் எச்சில் விழுங்குவது தெரிந்தது.

"சோறு துன்னாதீங்க" என்றாள் கஸ்தூரி.

குரல் எழவில்லை. இன்னொரு தடவை, ஏரியில் தூரத்துத் தோணியைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினாள்.

"யாரும் சோறு துன்னாதீங்க! துன்னா கப்பல்ல ஏத்திடுவாங்க! இங்க எழுத்து ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை! என்னோட சேந்தவங்க ஒருத்தரும் இங்க இல்ல! அங்கமுத்துவும் போயிட்டா! மணி அடிக்கறதுக்குள்ள போயிடுங்க!"

கூட்டத்தில் இது கேள்வியா பதிலா என்று தெரியாமல் சிலர் துபாஷியைப் பார்த்தார்கள். முதலில் ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அப்புறம் எல்லோரும் நகர்ந்தார்கள்.

சிப்பாய்கள் துரையைப் பார்த்தார்கள். துரை விதிப் புத்தகத்தைப் பார்த்தார். சோறு தின்னாத பிள்ளையைப் பிடித்துவைக்க ஏழில் ஒரு விதியும் இடம் கொடுக்கவில்லை. கோட்டை எப்போதும் விதிப்படி நடப்பது. துபாஷி மட்டும் பானையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை ஓடினார். "சிப்பி போடாமல் போனால் எப்படி? பார்வை நாள் முடிந்ததாக எப்படி எழுதுவது?"

செங்கல்வராயன் நகரவில்லை. ஒரு சிப்பாய் கஸ்தூரியின் தோளைப் பிடித்திருந்தான். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நைனா, லோகாவத் தூக்கிக்கினு போ."

"நீயும் வா கண்ணு."

"நான் துன்னுட்டேன் நைனா. நீ போ. திரும்பிப் பாக்காதே. பாத்தீன்னா நின்னுடுவே. மணி அடிச்சுடுவாங்க. அவ சின்னப் புள்ள, அவளால சோத்தப் பாத்துக்கினு நிக்க முடியாது."

அது உண்மை. லோகாம்பாளின் கால்கள் சமையல்கட்டுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டிருந்தன. அவன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பெரியவளின் தலையைத் தொட ஒரு கையை நீட்டினான். சிப்பாய் அவளைப் பின்னுக்கு இழுத்ததில் எட்டவில்லை.

அன்று கோட்டைக்குள் வந்த பிள்ளைகள் பதினோரு பேர். பதினோரு பேரும் பசியோடு வீட்டுக்குப் போனார்கள். கல்விச்சாலை திறந்ததிலிருந்து அப்படி ஒரு பயனற்ற பார்வை நாள் நடந்ததில்லை என்று துரை எழுதிவைத்தார். கீழே, கஸ்தூரி என்ற மாணவிக்கு அடுத்த கப்பலிலேயே வேலை உறுதியாகிவிட்டதாகவும் எழுதினார்.

செங்கல்வராயன் தோணியை அவிழ்க்கும்போது பின்னால் பெரிய கதவு மூடுவது கேட்டது. இரும்புப் பட்டை ஒரு முனை விழுந்து, பிறகு மறுமுனை விழுந்தது. அவன் திரும்பவில்லை. கழியை ஊன்றித் தள்ளினான். தோணியின் முன்பக்கம் அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்த லோகாம்பாள், அவன் தோளுக்கு மேலாகக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் கேட்டான். "இன்னா கண்ணு தெரியுது?"

பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி கரையைப் பார்த்தாள்.

"அக்கா வாசல்ல நிக்கறா நைனா."

"ம்."

"கையாட்டறா."

அவன் கழியை எடுத்து ஊன்றினான். தண்ணீர் வற்றிக் கிடந்ததால் ஒவ்வொரு தள்ளுக்கும் சேறு இழுத்தது.

"இன்னும் நிக்கறா" என்றாள் லோகாம்பாள். கோட்டை சிறுத்து, கொடிமரம் மட்டும் தெரிந்து, பிறகு அதுவும் வெயிலில் கரைந்து போன பின்னாலும், அவன் கேட்காமலேயே அவள் அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பசியாவரத்துக் கரை தட்டும் வரைக்கும் அவன் ஒவ்வொரு தடவையும் "ம்" என்றான்.